பெயரைப் போடாத ட்ரம்மர்: ஹோர்டின் 'ஹெல்லிக் உஸ்வார்ட்' பற்றிப் பேசலாமா?

பழைய கேசட் எழுதியது:

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே ஆல்பம்தான். 1994இல் ஹோர்ட் என்ற பெயரில் வந்த 'ஹெல்லிக் உஸ்வார்ட்'. கேட்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் கேள்விக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மார்ட்டிஃபிகேஷன் என்று ஒரு டெத் மெட்டல் (உறுமல் குரலும் வேகமும் கொண்ட கடுமையான மெட்டல்) குழு. ஸ்டீவ் ரோ பேஸ் வாசித்துப் பாடினார். மைக்கேல் கார்லைல் கிதார். ஜேசன் ஷெர்லக் ட்ரம்ஸ். அப்பட்டமான கிறிஸ்தவக் குழு. வரிகளில் எதையும் மறைத்ததில்லை. 1992இல் வந்த 'ஸ்க்ரோல்ஸ் ஆஃப் தி மெகில்லோத்' ஆல்பத்தை விசுவாசம் இல்லாத மெட்டல் ரசிகர்களும் மதித்தார்கள். அடுத்த வருடம் 'போஸ்ட் மொமென்டரி அஃப்ளிக்‌ஷன்' வந்தது. அதோடு ஷெர்லக் விலகிவிட்டார்.

அந்த நேரத்தில், கிறிஸ்தவத்தை எதிர்த்துச் சாத்தானைப் பாடிய பிளாக் மெட்டல் வட்டத்தால் நார்வே எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் தேவாலயம் எரிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் மரத்தால் கட்டிய கோயில் அது. அதன் பிறகு தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் வர்க் விகெர்னெஸ், பர்ஸம் என்ற பெயரில் தனி ஆளாக ஏறக்குறைய எல்லா வாத்தியமும் வாசித்துப் பதிவு செய்தவர். கொலைக்கும் தேவாலயங்களுக்குத் தீவைத்ததற்கும் சேர்த்து 1994 மே மாதம் அவருக்கு 21 வருடச் சிறை கிடைத்தது.

அதே 1994இல்தான் இந்த ஆல்பம் வந்தது. நார்வே பிளாக் மெட்டலின் அதே கீறல் சத்தம், அதே அலறல், அதே குளிர். இதிலும் ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் வாசித்துப் பாடியிருந்தார். ஆனால் வரிகள் முழுக்க சாத்தானுக்கு எதிராக. உறையில் இசைக்கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அனானிமஸ்' என்று மட்டும் இருந்தது. அது ஷெர்லக் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது.

தலைப்பே ஒரு பதில்தான். நார்வேயின் டார்க்த்ரோன் மாதிரிக் குழுக்கள் தங்கள் இசையை 'அன்ஹோலி பிளாக் மெட்டல்' என்றன. ஷெர்லக் அந்த 'அன்'னைப் பிடுங்கிப் பக்கத்துச் சொல்லில் ஒட்டினார். நம் மொழியில் சொன்னால் 'புனிதமற்ற கறுப்பு' என்பது 'கறுப்பற்ற புனிதம்' ஆனது. அதை நார்வே மொழியிலேயே எழுதினார். 'அன்பிளாக் மெட்டல்' என்று ஒரு வகைக்கே பெயர் வந்தது அதிலிருந்துதான்.

என் கேள்வி இது. குழுவில் பெயரோடு வாசித்த ஒருவர், தனியாக வந்ததும் ஏன் பெயரை எடுத்துவிட்டார்? இதை வெளியிட்ட நியூக்ளியர் பிளாஸ்ட் இசை நிறுவனத்தின் மார்கஸ் ஸ்டைகருக்கு, அந்த ஆள் யார் என்று சொல்லச் சொல்லிக் கொலை மிரட்டல்கள் வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். அதனால் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. ஒரு ஆள் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த ஆல்பத்தைச் செய்திருக்க முடியும் என்று தோன்றுகிறது. பெயர் இருந்திருந்தால் இது 'மார்ட்டிஃபிகேஷன் முன்னாள் ட்ரம்மரின் புதிய ஆல்பம்' ஆகியிருக்கும். பெயர் இல்லாததால் வெறும் குரலாக நிற்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

இருள்வானம் எழுதியது:

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன்.

பிளாக் மெட்டல் என்பது கிதார் சத்தம் மட்டும் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மறுப்பு இருக்கிறது. தேவாலயத்தை எரித்தவர்களை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன், அது குற்றம். ஆனால் எரிக்காத, யாரையும் தொடாத எத்தனையோ பேர் அந்த இசையில் தங்கள் தனிமையையும் கோபத்தையும் வைத்தார்கள். அந்த மறுப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் ஒலி உத்தி. சாமி இல்லாத கோபுரம் மாதிரி. நிமிர்ந்து பார்க்கலாம், உள்ளே போய் நிற்க இடமில்லை.

அதோடு, பல பாடல்களின் தலைப்பு எதிரியைப் பற்றியே இருக்கிறது. 'தலைகீழ்ச் சிலுவையைத் தலைகீழாக்கு' என்று ஒரு பாடல். யோசித்துப் பாருங்கள், சாத்தானைப் பாடும் குழு இல்லாவிட்டால் இந்தப் பாடலுக்குப் பொருளே இல்லை. இன்னொருவர் வாக்கியத்தில் ஒரு எழுத்தை மாற்றுவது படைப்பா? மார்ட்டிஃபிகேஷனில் அவர் செய்ததைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அது அவருடைய சொந்த மொழி. இது பதில் கடிதம்.

---

கிக்பெடல் எழுதியது:

வரிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. ட்ரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

ஒரு குழுவில் ட்ரம்மர் பெரும்பாலும் கிதாருக்குப் பின்னால் வருகிறவர். ரிஃப் (கிதாரில் திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு) வரும், நாம் அதற்குக் கீழே தரை போடுவோம். ஹோர்டில் ரிஃப் எழுதியவரே ட்ரம்மர். அதனால் இந்த ஆல்பத்தில் கிதார் வரிகள் ட்ரம்ஸ் மாதிரி யோசிக்கின்றன. ரொம்ப எளிமையான ரிஃப், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டுவது, ஆனால் எங்கே மாற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கால். பிளாஸ்ட் பீட் (இடைவிடாமல் மிக வேகமாக அடிக்கும் தாளம்) ஓடும்போது கவனியுங்கள். அந்தக் காலத்து நார்வே ஆல்பங்கள் பலவற்றில் ட்ரம்ஸ் புயல் மாதிரிக் கலைந்து கிடக்கும். இங்கே டெத் மெட்டல் பள்ளியில் படித்த கை தெரிகிறது. பதிவு எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் அடி விழும் இடம் தவறுவதில்லை. இருள்வானம் சொன்ன 'சொந்த மொழி' இங்கேயும் இருக்கிறது. கிதாரில் தேடினால் கிடைக்காது, தோலில் தேட வேண்டும்.

பெயரைப் பற்றிக் கேட்டதால் என் அனுபவம் ஒன்று. நான் பல வருடமாகச் சபையில் வாசிக்கிறேன். ஒரு சபையில், 'உன் ட்ரம்ஸ் கேட்கிறது, கர்த்தர் கேட்கவில்லை' என்று ஒரு பெரியவர் சொன்னார். அன்று ரொம்ப வலித்தது. சத்தமாக வாசிப்பவனைப் பார்த்தால் தன்னைக் காட்டிக்கொள்கிறான் என்றுதான் பலர் நினைப்பார்கள். அதனால், இருப்பதிலேயே அதிகச் சத்தமான இசையைச் செய்துவிட்டு அதில் தன் பெயரைப் போடாத ஒரு ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. பழைய கேசட் அண்ணன் சொல்ல வருவது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

---

பனிமலர் எழுதியது:

நான் விசுவாசி. மெட்டலும் கேட்பவள். ஆனால் இந்த ஆல்பம் என்னை உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசிக்கு முந்தைய பாடலின் தலைப்பில் 'ஹோலோகாஸ்ட்' என்ற சொல் வருகிறது. அர்மகெதோன் என்ற உலக முடிவுப் போரின் நாளைப் பற்றிய பாடல், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தின் மொழி என்று சொல்லலாம். பிளாக் மெட்டல் தலைப்புகளின் தோரணையைத் திருப்பிக் காட்டுகிறார் என்றும் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் லட்சக்கணக்கான யூதர்களின் சாம்பல் இருக்கிறது. இயேசுவே யூதர். அவரை நம்புகிறவர் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கக் கூடாது.

தலைகீழ்ச் சிலுவை விஷயம் வேறு. அதைப் பார்த்தால் எனக்குச் சாத்தான் நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். இராயப்பர் (பேதுரு) தன் ஆண்டவரைப் போலவே நேராக அறையப்படத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லித் தலைகீழாக அறையச் சொன்னார் என்பது மரபு. தலைகீழ்ச் சிலுவை அவருடைய தாழ்மையின் அடையாளம். ஷெர்லக் அதை 'நேராக்கு' என்கிறார். பாட்டி இருந்திருந்தால், அது ஏற்கெனவே நேராகத்தானே இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

---

பழைய கேசட் எழுதியது:

பனிமலர் அக்கா, 'ஹோலோகாஸ்ட்' பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விட்டேன், போயிருக்கக் கூடாது.

இராயப்பர் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது இல்லை, ஆனால் இந்த ஆல்பத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. நன்றி.

இருள்வானம், 'பதில் கடிதம்' என்றீர்கள். சரி, கடிதம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பாடலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால், 'பலி கொடுக்கப்படவிருக்கும் கன்னியை அவிழ்த்துவிடு, அவளுக்கு ஆடை கொடு'. மெட்டல் உறைகளில் எத்தனை பலிபீடங்கள், எத்தனை நிர்வாணப் பெண்கள். அந்தப் படங்களை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தோம். அந்தப் பெண் யார், அவளுக்குக் குளிராதா, கட்டு வலிக்காதா என்று ஒருவராவது கேட்டோமா? இந்த மனிதர் கேட்டிருக்கிறார். கட்டை அவிழ், போர்த்திவிடு. ஒரு எழுத்தை மாற்றுகிற வேலை இல்லை இது. அந்தப் படத்துக்குள் நுழைந்து, அதில் எல்லோரும் பொருளாகப் பார்த்த ஒருத்தியை மனுஷியாகப் பார்த்திருக்கிறார். இந்த ஒரு தலைப்புக்காகவே இந்த ஆல்பத்தை நான் கைவிட மாட்டேன்.

முதல் பாடலையும் யோசியுங்கள். உறைந்த வடதிசைக் காற்றின் நடுவே ஒரு தேவாலய மணி ஒலிக்கிறது என்பது தலைப்பு. நார்வேயில் கோயில்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில், எரித்தவர்களின் இசையையே எடுத்து, ஆல்பத்தின் வாசலில் ஒரு கோயில் மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்.

பரிகாசம் விசுவாசிக்குத் தகுமா என்று கேட்டால், பைபிளில் எலியா, பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைப் பரிகாசம் பண்ணினார் அல்லவா? உங்கள் தேவன் தூங்குகிறானோ, சத்தமாய்க் கூப்பிடுங்கள் என்று.

---

பனிமலர் எழுதியது:

தம்பி, அதே அதிகாரத்தின் முடிவில் அந்தப் பாகால் தீர்க்கதரிசிகள் 450 பேரும் கீசோன் ஆற்றங்கரையில் வெட்டப்பட்டார்கள். அதுதான் என் பயமே. பரிகாசம் அங்கே போய்த்தான் நின்றது.

அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். ஜெயித்த எலியா பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறார். அப்புறம் பெருங்காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, நெருப்பு வருகிறது. கர்த்தர் எதிலும் இல்லை. கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். நான் மெட்டல் கேட்கும்போதெல்லாம் இந்த இடம் மனசில் ஓடும். காற்றும் அதிர்ச்சியும் நெருப்பும் எனக்குப் பிடிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அதில் இல்லை என்றும் எழுதியிருக்கிறதே.

அந்தக் கன்னிப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது. அந்தப் பாடலை அப்படி நான் கேட்டதில்லை.

---

யாரா நதி எழுதியது:

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து 15 வருடம். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவன் இல்லை, ஆனால் இந்த ஊர் மெட்டல் வரலாறு எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னும் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. ஷெர்லக் குழுவை விட்டு நேராக ஹோர்டுக்குப் போகவில்லை. இதே ஊரில் பாரமீசியம் என்று ஒரு டூம் டெத் (மிக மெதுவான டெத் மெட்டல்) குழு இருந்தது, ஆண்ட்ரூ டாம்ப்கின்ஸ் நடத்தியது. அவர்களுடைய 'எக்ஸ்யூம்ட் ஆஃப் தி எர்த்' 1993இல் வந்தது. அதில் ட்ரம்ஸ் ஷெர்லக். முதல் பாடலே கால் மணி நேரத்துக்கு மேல். கிறிஸ்துவின் பிறப்பும், ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்றதும்தான் பொருள். சொப்ரானோ என்ற உச்சஸ்தாயிப் பெண் குரலும் வருகிறது. மெதுவாக, கல்லை உருட்டுகிற மாதிரி நகரும். மார்ட்டிஃபிகேஷனின் வேகத்திலிருந்து அந்த மெதுவுக்குப் போய், அங்கிருந்து ஹோர்டின் பனிப்புயலுக்குப் போகிறார். எல்லாம் ஓரிரு வருடத்துக்குள். குழுவை விட்டு வந்த ஒருவர் தன் கைக்கு என்னவெல்லாம் வரும் என்று தேடிப் பார்த்த காலம் அது என்று நினைக்கிறேன்.

அதே 1994இல் மார்ட்டிஃபிகேஷன் 'பிளட் வேர்ல்ட்' வெளியிட்டது, புது ட்ரம்மர் ஃபில் கிப்சனோடு. பழைய டெத் மெட்டலை விட்டு, இன்னும் நேரடியான, கொஞ்சம் எளிதில் பிடிபடும் இசைக்கு நகர்ந்தார்கள். ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு ஆல்பங்கள், ஒரே வருடம். ஒன்று வெளிச்சத்தை நோக்கிப் போகிறது, மற்றது குகைக்குள் இறங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் குழுவுக்குள் எத்தனை ஆசைகள் இழுபட்டிருக்கும் என்று தெரியும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். ஆஸ்திரேலியாவில் ஹோர்ட் ஆல்பத்தை வெளியிட்டது ரோ புரொடக்‌ஷன்ஸ், அதாவது ஸ்டீவ் ரோவின் நிறுவனம். குழுவை விட்டுப் போனவரின் ஆல்பத்தை, அவர் விட்டு வந்த குழுவின் தலைவரே வெளியிட்டிருக்கிறார். நம் பக்கம் பங்காளிகள் பிரிந்தால் நடுவில் சுவர் எழுப்புவார்கள். இங்கே வாசல் திறந்தே இருந்திருக்கிறது.

---

ஏழாம் தந்தி எழுதியது:

எனக்கு இந்த விஷயத்தில் நுழைவாயில் அமெரிக்க மெட்டல் குழுவான கோர்ன்தான். அதனால் அதன் கிதார் கலைஞர் பிரையன் 'ஹெட்' வெல்ச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

வெல்ச் 2005 பிப்ரவரியில் கோர்னை விட்டார். போதைப் பழக்கத்தில் சிக்கிக் கிடந்தவர், ஒரு பெண் குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர். கிறிஸ்தவராக மாறியதும் குழுவையும் அந்த வாழ்க்கையையும் ஒன்றாக உதறினார். 2007இல் தன் கதையை நூலாக எழுதினார். 2008இல் அதே தலைப்பில் தனி ஆல்பம். அதுவரை கிதார் வாசித்தவர் இப்போது முன்னால் நின்று பாடினார். ஒவ்வொரு பாடலும் அவர் வாழ்க்கை. போதை, வெட்கம், மகள். அங்கே பெயரை எடுத்துவிட்டால் எதுவுமே இல்லை. அது சாட்சி, சாட்சிக்கு முகம் வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் ஒருவர் எழுந்து நின்று, 'நான் இன்ன ஊர், இன்ன குடும்பம், இப்படி இருந்தேன்' என்று ஆரம்பிப்பாரே, அதே மாதிரி.

ஆக இரண்டும் தனி முயற்சி, இரண்டும் குழுவை விட்டு வந்தபின் செய்தது, இரண்டும் விசுவாசத்திலிருந்து வந்தது. ஆனால் ஒருவர் தன்னை முழுக்கத் திறந்து வைத்தார், மற்றவர் தன்னை முழுக்க மூடினார். வெல்ச் 2013இல் கோர்னுக்குத் திரும்பியும் விட்டார், விசுவாசத்தை விடாமலே. அவர் திரும்பியதைச் சிலர் பின்மாற்றம் என்று பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு கஷ்டமாக இருந்தது. பழைய நண்பர்களோடு பழைய மேடையில் புது மனிதனாக நிற்பது சின்ன விஷயம் இல்லை.

என் மனசுக்கு வெல்ச்தான் நெருக்கம். எனக்கு முகம் தேவைப்படுகிறது.

---

கிக்பெடல் எழுதியது:

ஏழாம் தந்தி, அருமையாகச் சொன்னீர்கள். சாட்சிக்கு முகம் வேண்டும், ஆனால் ஜெபத்துக்கு வேண்டாம் அல்லவா? அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்றுதானே பைபிளில் இருக்கிறது. ஹோர்ட் ஆல்பத்தின் கடைசித் தலைப்பு, 'எஜமானே, என் இதயம் உம்மை இறைஞ்சுகிறது' என்று முடிகிறது. அதுவரை எதிரியைப் பார்த்துக் கத்தியவர் கடைசியில் திரும்பி வேறு ஒருவரைப் பார்க்கிறார்.

இருள்வானத்திடம் ஒரு கேள்வி. நார்வேயின் ஆன்டெஸ்டர் கிறிஸ்தவக் குழு. அவர்களுடைய 'தி ஃபர்சேகன்' 2005இல் வந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் மேஹெமின் ஹெல்ஹாமர். யூரோனிமஸோடு வாசித்த அதே ஆள். அவருக்கே அந்த எல்லைக்கோடு தடையாக இல்லையே?

---

இருள்வானம் எழுதியது:

ஹெல்ஹாமர் கூலிக்கு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞரும்கூட. அவர் வாசித்ததால் அந்த இசையின் பொருள் மாறாது. ஆனாலும் நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அந்த ஊர்க்காரர்களே பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தளர்த்திக்கொண்ட ஒன்றை நான் இங்கே உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்கிறேனோ என்று எனக்கும் தோன்றியதுண்டு.

நேற்று இரவு அந்த 'அவிழ்த்துவிடு' பாடலை மறுபடி கேட்டேன். எனக்கு இன்னும் அது பிளாக் மெட்டல் இல்லை. ஆனால் 'ஒரு எழுத்தை மாற்றுவது' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது சரியான மதிப்பீடு இல்லை.

ஸ்லெக்ட்வால்க் பற்றி யாராவது எழுதுங்கள். நெதர்லாந்துக் குழு. 2000இல் வந்த 'ஃபால்கன்ரி' தனி ஆளாகச் செய்த ஆல்பம்தான், அப்புறம் முழுக் குழுவாக வளர்ந்தது. அவர்கள் சாத்தானைத் திட்டிக்கொண்டே இருப்பதில்லை, தங்களுக்கென்று ஒரு உலகம் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

---

பழைய கேசட் எழுதியது:

ஸ்லெக்ட்வால்க்குக்குத் தனி இழை தொடங்குகிறேன், நியாயமான கோரிக்கை.

ஹோர்டின் கதையில் 2006ஐ யாரும் தொடவில்லை. அந்த வருடம் நவம்பரில் ஹோர்ட் முதல்முறையாக மேடை ஏறியது. ஊர் எது தெரியுமா? ஆஸ்லோ. நார்டிக் ஃபெஸ்ட் விழா. துணைக்கு வாசித்தவர்கள் நார்வேயின் டிராட்னார் குழுவினர். அந்த நிகழ்ச்சியின் பதிவு அடுத்த வருடம் வெளியானது. யூரோனிமஸ் தன் இசைத்தட்டுக் கடையை வைத்திருந்த நகரம் அது. 12 வருடத்துக்கு முன்னால் பெயர் தெரியாமல் திட்டப்பட்டவர், அங்கேயே போய், அந்த நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். ஷெர்லக் உட்கார்ந்தது ட்ரம்ஸில். கிக்பெடல் தம்பிக்கு இது பிடிக்கும்.

பெயர் பற்றி நான் ஆரம்பத்தில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பெயரைக் கழற்றியதால்தான் ஆல்பம் சாத்தியமானது என்றேன். ஏழாம் தந்தி எழுதியதை வாசித்த பிறகு, கழற்றியதை ஒருநாள் திரும்ப மாட்டிக்கொண்டு வந்து மேடையில் நின்றதும் அதே அளவு முக்கியம் என்று படுகிறது. 1994இல் அவர் முகமில்லாமல் பேசியது எரித்தவர்களிடம். 2006இல் முகத்தோடு நின்றது அந்த ஊரில் மிச்சம் இருந்த விசுவாசிகளின் நடுவில்.

பனிமலர் அக்கா, ஒரு வேண்டுகோள். பாரமீசியம் ஆல்பத்தை நீங்கள் கேட்டதில்லை என்றால் கேளுங்கள். குழந்தைகள் கொல்லப்பட்டதைப் பாடுகிற அந்த முதல் பாடலில் பெண் குரல் வரும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பனிமலர் எழுதியது:

கேட்கிறேன் தம்பி. ஞாயிறு பூசை முடிந்து வந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.